பிரம்மகபாலம் போகும் வழி

பவுனம்மாளுக்கு ஓரிடத்தில் உட்கார வராது. ஜீயபுரத்தில் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி இது. சோறு தின்னும்போதுகூட நடுவில் இரண்டு தடவை எழுந்து போய், மாட்டுக்குத் தண்ணீர் காட்டியாயிற்றா, கோழியைக் கூடையால் கவிழ்த்தாயிற்றா என்று பார்த்துவிட்டு வருகிற பெண்பிள்ளை. அப்பேர்ப்பட்டவள் நாள்கணக்காக ரயிலில் உட்கார்ந்து பத்ரிநாத் போகச் சம்மதித்தாள் என்றதும் ஊரே மூக்கில் விரலை வைத்தது. பக்தி முற்றிவிட்டது என்று சிலர் பேசிக்கொண்டார்கள். பக்தியும் இல்லை, ஒன்றும் இல்லை. அவள் பிள்ளையைத் தேடிப் போனாள்.

பிள்ளை தர்மராஜ் வீட்டை விட்டுப் போய் ஏழெட்டு வருஷம் ஆகியிருந்தது. வாழைக்குத் தண்ணீர் திறந்துவிட்டு, மடையை அடைக்க மறந்து, எங்கோ பந்தாடப் போய்விட்டான். விடிய விடியத் தண்ணீர் நின்று மண் இளகி, குலை தள்ளின மரங்களில் பாதி சாய்ந்துவிட்டன. அப்பன் வீரமலை அவனைக் களத்தில் நாலு பேர் பார்க்கத் தார்க்குச்சியால் விளாசினார். மாட்டை அடிக்கிற குச்சியால் மீசை முளைத்த பையனை அடிக்கலாமா என்றால் அடிக்கக்கூடாதுதான். அன்று சாயங்காலம் ஈரோட்டு வண்டி ஜீயபுரம் ஸ்டேஷனில் நின்று கிளம்பியபோது அவனும் அதில் போய்விட்டான். அதற்கப்புறம் ஒரு தகவலும் கிடையாது.

சீனாக்காரன் சண்டை முடிந்து லீவில் வந்த திருவெள்ளறைப் பட்டாளத்துக்காரர் ஒருவர், பத்ரிநாத் போகிற மலையில் ரோடு போடுகிற இடத்தில், தர்மராஜ் சாயலில் ஒருத்தனை லாரியில் பார்த்ததாகச் சொன்னார். சாயல்தான். கூப்பிட்டுப் பேசுவதற்குள் லாரி போய்விட்டதாம். பவுனம்மாளுக்கு அது போதும். அன்றிலிருந்து அவளுக்கு வடக்கு என்றால் ஒரு திசை இல்லை, பிள்ளை இருக்கிற இடம்.

இதற்கிடையில் மகள் வள்ளிக்கண்ணுவுக்கு முசிறிப் பக்கம் நல்ல இடம் ஒன்று வந்தது. எல்லாம் கூடி வந்த நேரத்தில் மாப்பிள்ளையின் பெரியப்பா ஒரு கேள்வி கேட்டார். "பொண்ணுக்கு அண்ணன் இருக்கானா, இல்லியா? ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க. இருக்கான்னா மணவறையில கொண்டாந்து நிறுத்துங்க. இல்லேன்னா இல்லேன்னு காரியத்தைப் பண்ணி முடிங்க. ரெண்டுங்கெட்டானா ஒருத்தன் வாசல்ல நிக்கிற வீட்டுல நாங்க சம்பந்தம் பண்ண மாட்டோம்." மனுஷன் கேட்டதில் நியாயம் இல்லை என்று சொல்ல முடியாது. அதனால்தான் பவுனம்மாளுக்கு அவர்மேல் அத்தனை ஆத்திரம்.

வீரமலை ஸ்ரீரங்கத்துக்கு வாழையிலை கொண்டுபோய் விற்கிறவர். அந்தப் பழக்கத்தில் வடக்கு உத்தர வீதி சம்பத் ஐயங்காரைத் தெரியும். ஐயங்கார் வருஷா வருஷம் வைகாசியில் ஒரு கூட்டத்தைச் சேர்த்து வடநாட்டுத் திவ்யதேசங்களுக்கு அழைத்துப் போவார். சமையல்காரன், அண்டா, புளிக்காய்ச்சல் ஜாடி எல்லாம் கூடவே போகும். ஒரு நாள் இலை போட்டுவிட்டு வந்த வீரமலை, "பத்ரிக்குப் போறேன், நீயும் வர்றியா?" என்று கேட்டார். அவர் முடிப்பதற்குள் பவுனம்மாள் சரி என்று சொல்லிவிட்டாள். எதற்கு என்று அவளும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. வீரமலை வாயிலிருந்து நாலு வார்த்தை வாங்குவதற்குள் நாலு மரக்கால் நெல் குத்திவிடலாம். எதற்குப் போகிறோம் என்று அவளாகவே முடிவு கட்டிக்கொண்டாள். தப்பு அங்கேதான் ஆரம்பித்தது.

பெரிய பெருமாளைச் சேவித்துவிட்டு எல்லோரும் ஸ்ரீரங்கம் ஸ்டேஷனில் ரயில் ஏறினார்கள். கொள்ளிடப் பாலம் தாண்டுவதற்குள் பவுனம்மாள் இரண்டு முறை எழுந்து கதவுப் பக்கம் போய்விட்டு வந்தாள். சென்னை, டில்லி, ஹரித்துவாரம் என்று வண்டி மாறி வண்டி ஏறின போதெல்லாம் இதே கதைதான். பக்கத்தில் இருந்தவள் ரங்கநாயகி என்ற வயசான ஐயங்கார் அம்மாள். புருஷன் போன பிறகு ஒவ்வொரு யாத்திரையாகப் போய்க்கொண்டிருக்கிறவள். வாய் ஓயாது, மனசு வெள்ளை.

"ஏன் பவுனம்மா, காலிலே சக்கரம் கட்டிண்டிருக்கியா? பெருமாள் எங்கேயும் ஓடிப் போயிட மாட்டார். செத்த உக்காரேன்" என்றாள் ரங்கநாயகி.

"உக்காந்தா முட்டி புடிச்சிக்குது மாமி" என்று பவுனம்மாள் புளுகினாள்.

ரிஷிகேசத்தில் பஸ் ஏறியபின்தான் மலை ஆரம்பித்தது. பாதை ஒரு வண்டி போகிற அகலம். ஒரு பக்கம் பாறை, மறு பக்கம் எட்டிப் பார்த்தால் அடிவயிறு கலங்குகிற பள்ளம், அதன் அடியில் கங்கை. எதிரெதிராக இரண்டு வண்டி வந்தால் ஒதுங்க இடம் கிடையாது. அதனால் ஊருக்கு ஊர் ஒரு கேட் வைத்திருந்தார்கள். மேலே போகிற பஸ்களையெல்லாம் வரிசையாக நிறுத்திவிட்டு, கீழே வருகிறவை எல்லாம் வந்து முடிந்த பிறகே கேட்டைத் திறப்பார்கள். ஒரு மணி நேரமும் ஆகும், அரைநாளும் ஆகும். மற்றவர்கள் அந்த நேரத்தில் கால் நீட்டிக் கண்ணயர்வார்கள். பவுனம்மாள் பஸ் குலுங்கி நிற்பதற்கு முன்னால் கீழே இறங்கியிருப்பாள்.

தேவப்பிரயாகையில் இரண்டு ஆறு வந்து சேர்கிறது. ஒன்று கலங்கல், ஒன்று பச்சை. சேர்ந்த பிறகும் கொஞ்ச தூரம் ஒன்றையொன்று தொடாமல் ஓடுகிறது. மலைச்சரிவில் வீட்டின் தலையில் வீடாக அடுக்கியிருக்கிறார்கள். படித்துறையில் இழுக்கிற வேகத்துக்கு இரும்புச் சங்கிலியைப் பிடித்துக்கொண்டுதான் முங்க வேண்டும். கோஷ்டி மொத்தமும் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு பரவசத்தில் கண்ணீர் விட்டது. பவுனம்மாள் அவசரமாக ஒரு முழுக்குப் போட்டுவிட்டு, ஈரத்தலையோடு கடைத்தெருவுக்கு ஓடினாள். அவளுக்கு இந்தியில் ஒரு எழுத்துத் தெரியாது. கையில் போட்டோவும் கிடையாது. ஜீயபுரத்தில் யார் பிள்ளையைப் போட்டோ எடுத்து வைத்தார்கள்? கையைத் தலைக்கு மேல் தூக்கி உயரம் காட்டுவாள். ஸ்டியரிங் பிடிப்பது போல் இரண்டு கையையும் திருப்புவாள். "மதராஸி? லாரி? திருச்சினாப்பள்ளி?" என்பாள். மலைக்காரர்கள் நல்லவர்கள். சிரித்துவிட்டு உட்கார வைத்து டீ கொடுத்தார்கள். டீக்கு அவள் வரவில்லையே.

ஸ்ரீநகர் என்று இந்தப் பக்கமும் ஓர் ஊர், ருத்திரப்பிரயாகை என்று ஓர் ஊர். பிரயாகை என்றால் அங்கே இன்னோர் ஆறு வந்து சேருகிறது. மலைமேல் தட்டுத்தட்டாக வயல் வெட்டிக் கோதுமை அறுத்துக்கொண்டிருந்தார்கள். இத்தனூண்டு வயலுக்கு மாட்டை எப்படித் திருப்புவார்கள் என்று வீரமலை வாயைத் திறந்து ஆச்சரியப்பட்டார். பவுனம்மாள் வயலைப் பார்க்கவில்லை, அறுக்கிறவர்களின் முகத்தைப் பார்த்தாள். ஒரு திருப்பத்தில் தூரத்தில் வெள்ளையாக ஏதோ தெரிந்தது. மேகம் என்று நினைத்தாள். பஸ் எத்தனையோ திருப்பம் திரும்பியும் அது அங்கேயே இருந்தது. பனிமலை என்று சம்பத் ஐயங்கார் சொன்னபோது அவளுக்குக் கைகூப்பத் தோன்றவில்லை. இந்தக் குளிரில் பிள்ளை எதைப் போர்த்திக்கொண்டு படுக்கிறானோ என்றுதான் தோன்றியது.

கர்ணப்பிரயாகை கேட்டில் பஸ் நின்றபோது சம்பத் ஐயங்கார் எழுந்து நின்று சொன்னார். "எல்லாரும் கேட்டுக்கோங்கோ. பத்ரியிலே பிரம்மகபாலத்துல பிண்டம் போடறவா யார் யாருன்னு இப்பவே சொல்லிடுங்கோ. அங்கே இருக்கற பண்டாவுக்கு முன்னாடியே சொல்லி அனுப்பணும்."

பத்ரிநாத் கோயிலை ஒட்டி ஆற்றங்கரையில் இருக்கிற பாறைதான் பிரம்மகபாலம். செத்தவர் பெயரைச் சொல்லி அங்கே ஓர் உருண்டை சோறு வைத்துவிட்டால் அவர் கரையேறிவிடுவார்; அதோடு தீர்ந்தது, அதற்கப்புறம் வருஷத் திதிகூட வேண்டாம் என்பது ஐதீகம். பிண்டம் வாங்கி வைக்கிற அந்த ஊர்ப் புரோகிதரைத்தான் பண்டா என்கிறார்கள்.

வீரமலை தொண்டையைச் செருமிக்கொண்டு, "எங்கப்பா, எங்கம்மா, பாட்டன் மூணு பேருக்குங்க சாமி" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "இன்னும் ஒண்ணு இருக்கு" என்றார். சம்பத் ஐயங்காருக்குக் குரலைத் தாழ்த்தத் தெரியாது. "ஊர்லயே சொன்னேளே, ஞாபகம் இருக்கு. காணாமப் போன பிள்ளைக்குன்னா சங்கல்பம் கொஞ்சம் வேற மாதிரி. நான் பண்டாகிட்ட பேசிக்கறேன்" என்று பஸ் முழுக்கக் கேட்கச் சொன்னார்.

பவுனம்மாள் எழுந்தாள். இறங்கிப் போய் ஆற்றைப் பார்த்து நின்றாள். கொஞ்ச நேரம் கழித்து வீரமலை பின்னால் வந்து நின்றார்.

"அதுக்குத்தான் கூட்டியாந்தீங்களா? தேடறதுக்குன்னுல்ல நெனச்சேன்."

"தேடறதுக்குன்னு நான் சொன்னேனா?"

"இதுக்குன்னும் சொல்லலியே."

வீரமலை துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். "முசிறிக்காரங்க கார்த்திகை வரைக்கும்தான் பொறுப்பாங்க. வள்ளிக்கண்ணு சோட்டுப் பொண்ணுங்க எல்லாம் இடுப்புல புள்ளையோட நிக்குது. இருக்கறவளைப் பாக்கறதா, போனவனைப் பாக்கறதா?"

"போனவன்னு யாரு சொன்னா உங்களுக்கு?"

"உசுரோட இருந்தா அம்மாவுக்காச்சும் ஒரு வரி எழுதிப் போட்டிருக்க மாட்டானா? எழுதப் படிக்கத் தெரிஞ்சவன்தானே."

இத்தனை வருஷமாக அவளே தன்னைக் கேட்டுக்கொண்டிருந்த கேள்வி அது. வெளியிலிருந்து இன்னொருத்தர் கேட்டபோது நெஞ்சில் ஏறி மிதித்தது போலிருந்தது.

"அவனுக்குப் பிண்டம் வைக்கிற அன்னிக்கு எனக்கும் சேத்து ஒண்ணு வச்சிடுங்க. நான் இந்த ஆத்தோட போயிடறேன்" என்றாள். கேட் திறந்துவிட்டதாக டிரைவர் ஹாரன் அடித்தான். இரண்டு பேரும் வந்து ஏறி ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார்கள்.

சமோலியில் பாறைக்கு வெடி வைத்திருந்தார்கள். ரோட்டை அகலப்படுத்துகிற வேலை. வெடித்து விழுந்ததை அள்ளி முடிக்கிற வரை பஸ் நகராது என்றார்கள். பவுனம்மாள் யாரிடமும் சொல்லவில்லை. தார் பீப்பாயும் தகரக் கொட்டகையுமாக இருந்த பக்கம் பார்த்து நடந்தாள். கொட்டகைக்குப் பின்னால் யாரோ தமிழில் கெட்ட வார்த்தை சொல்லித் திட்டுவது கேட்டது. அவளுக்குக் காதில் தேன் பாய்ந்தது. லாரி சக்கரத்தில் இறுகிப்போன நட்டைத் திட்டிக்கொண்டிருந்தான் ஒருத்தன்.

"தம்பி, எந்த ஊரு?"

அவன் பேயைக் கண்டவன் போல எழுந்துவிட்டான். "லால்குடிப் பக்கம்மா. பேரு நல்லதம்பி. நீங்க எப்படி இங்க?"

அவள் மூச்சுவிடாமல் சொல்லி முடித்தாள். நல்லதம்பி ஒரு கந்தைத் துணியால் கையைத் துடைத்துக்கொண்டே யோசித்தான்.

"தர்மராஜுன்னு யாரும் தெரியாதும்மா. இங்க லாரியில இருக்கற நம்மூர்க்காரன் எல்லாம் ராஜுதான். நம்ம பேரு இவங்க வாயில நுழையாது. திருச்சிப் பக்கத்து ராஜு ஒருத்தன் இருந்தான். நல்ல உசரம். எந்த ஊருன்னு கேட்டா பேச்சை மாத்திடுவான். ஒரு எடத்துல குந்த மாட்டாம்மா அவன். சாப்பிட்டுக்கிட்டே இருப்பான், தட்டை வச்சிட்டு எழுந்து போயி லாரியைப் பாத்துட்டு வருவான்."

பவுனம்மாளுக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. அவள் வயிற்றில் பிறந்தது வேறு எப்படி இருக்கும்! "எங்க தம்பி? இப்ப எங்க இருக்கான்?" என்று அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

நல்லதம்பி கையை மெதுவாக விடுவித்துக்கொண்டு மலையைப் பார்த்தான். "மேல, பாண்டுகேசுவரத்துக்கு அந்தாண்ட வேலைக்குப் போன வருசம் அனுப்பினாங்க. அங்க மழைக்காலத்துல மலை சரிஞ்சுதும்மா. லாரியோட சில பேரு போயிட்டாங்க. யாரு யாருன்னு எனக்குத் தெரியாது. அதுக்கப்புறம் நான் அவனைப் பாக்கல. பாக்கலேங்கறதுனால ஒண்ணும் இல்ல. இந்த மலையில யாரு யாரைப் பாக்கறோம்?"

அவள் திரும்பி வந்தபோது பஸ் கிளம்பத் தயாராக இருந்தது. வீரமலை நடுரோட்டில் நின்று நாலு பக்கமும் பார்த்துக்கொண்டிருந்தார். முகம் கறுத்துப் போயிருந்தது. ஆற்றைப் பற்றி அவள் சொன்ன வார்த்தைதான் அவருக்கு நினைவில் இருந்திருக்கும். சம்பத் ஐயங்கார் வாய்க்கு வந்தபடி கத்தினார். பவுனம்மாள் எதையும் காதில் வாங்காமல் ஏறி உட்கார்ந்து, புருஷன் பக்கம் குனிந்தாள்.

"நம்ம பக்கத்துத் தம்பி ஒண்ணைப் பாத்தேன். அவன் மேல இருக்கானாம்."

"யாரு?"

"உங்க மகன்தான். பாண்டுகேசுவரம்னு ஒரு ஊராம். சாப்பாட்டு நடுவுல எழுந்து எழுந்து போவானாம்."

வீரமலை முன்சீட்டுக் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டார். "நெசமாவா?" என்றார். பிறகு பல் தெரியச் சிரித்தார். அவர் சிரித்துப் பார்த்து வருஷக்கணக்கு ஆகியிருந்தது. மலை சரிந்ததை அவளால் அப்போது சொல்ல முடியவில்லை. அரை உண்மையைக் கொடுத்து மனுஷனை ஏமாற்றிவிட்டோமே என்று பிப்பல்கோட்டி வருகிற வரை அவளுக்கு வயிற்றைப் புரட்டிக்கொண்டு வந்தது. வளைவு அதிகம், அதனால்தான் என்று ரங்கநாயகி எலுமிச்சம்பழம் கொடுத்தாள்.

ஜோஷிமடத்தோடு பஸ் சரி. அதற்கு மேல் ரோடு வேலை இன்னும் முடியவில்லை, வேலைக்கார லாரி மட்டும்தான் போகும். நரசிம்மரைச் சேவித்துவிட்டு அங்கிருந்து நடக்க வேண்டும். முடியாதவர்களைக் கோவேறு கழுதையில் ஏற்றினார்கள். ரங்கநாயகி கழுதைமேல் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டு, பெருமாளையும் கழுதைக்காரனையும் மாறி மாறிக் கூப்பிட்டாள். இத்தனை நாளும் முட்டிவலி என்று பின்தங்கி வந்த வீரமலை இப்போது எல்லோருக்கும் முன்னால் போனார். இறக்கம் இறங்கி, ஆற்றைத் தாண்டி, மறுபடி ஏற்றம். தேவதாரு மரங்கள் கோயில் தேர் உயரத்துக்கு நின்றன. வழியில் கல் உடைக்கிற கூட்டம் எங்கே இருந்தாலும் வீரமலை நின்றார். பவுனம்மாள் பார்த்தாள். மனுஷன் கையைத் தலைக்கு மேல் தூக்கி உயரம் காட்டினார். ஸ்டியரிங் பிடிப்பது போல் இரண்டு கையையும் திருப்பினார். ஊரில் சம்பந்தம் பேச வந்தவர்களிடம் வாய் திறக்கவே கூச்சப்படுகிற ஆள், முன்பின் தெரியாதவன் முன்னால் லாரி ஓட்டிக் காட்டினார். ஒவ்வொருத்தனும் இல்லை என்று தலையை ஆட்டினான். அவர் அடுத்த கூட்டத்தைப் பார்த்து நடந்தார்.

அதைப் பார்க்கப் பார்க்க அவளுக்குத் தாங்கவில்லை. சொல்லிவிடலாம் என்று இரண்டு தடவை பக்கத்தில் போய், தண்ணி வேணுமா என்று கேட்டுவிட்டுத் திரும்பினாள்.

பாண்டுகேசுவரம் தாண்டி ஓரிடத்தில் பாதை புதிதாக இருந்தது. மலையின் ஒரு பக்கத்தை யாரோ அரிவாளால் செதுக்கி எடுத்த மாதிரி உச்சியிலிருந்து ஆறு வரைக்கும் வெறும் மண்ணும் கல்லும். ஒரு புல் பூண்டு இல்லை. கழுதைக்காரன் நின்று, ஆற்றைக் காட்டி ஏதோ சொல்லிக் கையெடுத்துக் கும்பிட்டான்.

"என்னங்க சாமி சொல்றான்?" என்று வீரமலை கேட்டார்.

"போன மழையிலே இங்கே மலை சரிஞ்சு, வேலை செஞ்சிண்டிருந்தவா லாரியோட உள்ளே போயிட்டாளாம். உடம்புகூடக் கிடைக்கலையாம். பாவம்" என்றார் சம்பத் ஐயங்கார்.

வீரமலை அந்த மண்சரிவைக் கீழிருந்து மேல் வரை பார்த்தார். பிறகு மெதுவாகத் திரும்பினார். "உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

அவர் திட்டியிருக்கலாம். ஓங்கி ஓர் அறை விட்டிருந்தாலும் அவள் வாங்கிக்கொண்டிருப்பாள். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார். அதன் பிறகு எந்தக் கூட்டத்துப் பக்கமும் அவர் நிற்கவில்லை. அனுமான் சட்டி ஏற்றத்தில் மரங்கள் தீர்ந்துபோய் வெறும் புல்மேடு வந்தது. பனி உருகின ஈரத்தில் பொடிப்பொடியாக மஞ்சள் பூப் பூத்திருந்தது. இரண்டு பக்கமும் பனிமலை. கூட்டமே மூச்சு வாங்கிக்கொண்டு, ஆகா ஆகா என்றது. அவர்கள் இரண்டு பேரும் தரையைப் பார்த்துக்கொண்டே ஏறினார்கள்.

மறுநாள் காலையில் கோயில் வாசலில் கொதிக்கிற ஊற்றில் குளித்து, பத்ரி நாராயணனைச் சேவித்தாயிற்று. வெளியே வந்ததும் வீரமலை கேட்டார். "சத்திரத்துக்குப் போறியா, வர்றியா?"

தடுக்க வேண்டும் என்றுதான் அவள் கர்ணப்பிரயாகையிலிருந்து நினைத்துக்கொண்டு வந்தாள். காலைப் பிடித்துக்கொள்ள வேண்டும், அலற வேண்டும், ஆற்றில் விழ வேண்டும் என்று என்னென்னவோ நினைத்திருந்தாள். அந்த மண்சரிவைப் பார்த்த பிறகு அவளிடம் பலம் இல்லை. ராத்திரி முழுக்க வள்ளிக்கண்ணு முகம் வேறு கண்ணில் நின்றது. அந்தப் பெண் ஒரு நாளும் வாயைத் திறந்து எனக்குக் கல்யாணம் பண்ணி வை என்று கேட்டதில்லை. கேட்காததுதான் பெரிய பாரமாக இருந்தது.

"வரேன்" என்றாள்.

பிரம்மகபாலப் பாறையில் ஈரம் சில்லென்று காலில் ஏறியது. பக்கத்திலேயே அலகநந்தா ஆறு வெள்ளையாக நுரைத்துக்கொண்டு இரைந்தது. பக்கத்தில் நிற்கிறவர் பேசுவதே கேட்கவில்லை. பண்டா வருஷா வருஷம் வருகிற தெற்கத்தியாரிடம் கற்றுக்கொண்ட தமிழில் பேசினார். அப்பன், அம்மா, பாட்டன். வீரமலை ஒவ்வொரு பெயராகச் சொல்லி ஒவ்வோர் உருண்டையாக வைத்தார். கழனி வேலை பார்க்கிற மாதிரி ஒழுங்காகச் செய்தார். பவுனம்மாள் ரங்கநாயகியின் பக்கத்தில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு நின்றாள். ரங்கநாயகி அன்றைக்கு வாயே திறக்காமல் அவள் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

பண்டா நாலாவது உருண்டையை வீரமலை கையில் கொடுத்தார். "இது மகனுக்கு. மகன் பேரு சொல்லு. சொல்லி, இறந்து போன மகன் சொல்லி, வை."

வீரமலை வாயைத் திறந்தார். உதடு அசைந்தது.

"சத்தமா சொல்லு. தண்ணி சத்தம். எனக்குக் கேக்கல" என்றார் பண்டா.

அப்போதுதான் பவுனம்மாளுக்கு உறைத்தது. இத்தனை வருஷத்தில் அந்தப் பெயர் வீரமலை வாயிலிருந்து ஒரு தடவைகூட வந்ததில்லை. உன் மகன் என்பார், அவன் என்பார், அதையும் சொல்லாமல் எழுந்து போவார். கோபம் ஆறவில்லை என்றுதான் அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். அடித்த கைக்கு உரியவரால் அந்தப் பெயரைச் சொல்ல முடியவில்லை என்பது அவளுக்கு இந்தப் பாறையில் வந்து நின்றபின்தான் தெரிந்தது.

"பேரு, பேரு" என்று பண்டா அவசரப்படுத்தினார். பின்னால் இன்னும் ஆட்கள் காத்திருந்தார்கள்.

வீரமலை எழுந்துவிட்டார். சோற்று உருண்டை கையிலேயே இருந்தது. ஆற்றுக்கு அக்கரையில் மலையைச் சுற்றிக்கொண்டு மேலே போகிற ரோட்டைப் பார்த்துத் திரும்பினார். கழுத்து நரம்பு புடைக்க, வயல் வரப்பில் நின்று வாழைத் தோட்டத்துக்கு அந்தக் கோடியில் இருக்கிறவனைச் சாப்பிடக் கூப்பிடுகிற குரலில் கூப்பிட்டார்.

"தர்மராஜூ... டேய் தர்மராஜூ..."

பாறையில் இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். பண்டா கையில் இருந்த எள்ளைக் கீழே கொட்டிவிட்டார். "என்ன இது, உக்காருங்கோ, உக்காருங்கோ" என்று சம்பத் ஐயங்கார் ஓடி வந்தார். எதிர்மலை அந்தப் பெயரைக் கொஞ்சம் தாமதித்துத் திருப்பிச் சொல்லிவிட்டு ஓய்ந்தது. வீரமலை உட்காரவில்லை. உருண்டை பிடித்த கை நீட்டியபடியே இருக்க, பதில் வருகிறதா என்று தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார். கண்ணிலிருந்து தண்ணீர் தாடியில் இறங்கிக்கொண்டிருந்தது.

பவுனம்மாள் ரங்கநாயகியின் கையை விட்டுவிட்டு வந்து அவர் பக்கத்தில் நின்றாள். அவளும் அந்த ரோட்டைப் பார்த்தாள்.

"ஆத்துச் சத்தத்துல கேட்டிருக்காது" என்றாள். "இன்னொரு தடவை கூப்பிடுங்க."